உங்களுக்குத் தெரியுமா? உப்புக்காற்றில் வெளிறும் படங்களும் திரும்பிவரும் நிறங்களும்

சிலாபத்திலிருந்து உடப்பு, நுரைச்சோலை, தலவில் வழியாகக் கற்பிட்டி முனைவரை கமராவோடு போய்வரும் எல்லோரும் ஒரே குறையைச் சொல்வார்கள்: கண்ணுக்கு அத்தனை அழகாக இருந்தது, படத்தில் வெளிறிப்போய்விட்டது. இந்தக் குறைக்குக் கமரா மட்டும் காரணமல்ல. புத்தளம் மாவட்டக் கடலோரத்தின் உப்பும் வெயிலும் நீரும் ஒளியைப் படாதபாடு படுத்துகின்றன. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எடுத்த படத்தைப் பிறகு எவ்வளவு திருத்தலாம், எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

◆ முதலில் தொட வேண்டியது நிறத்தை அல்ல. அலை உடையும்போது சிதறும் நீர்த்துளிகள் உலர்ந்து, நுண்ணிய உப்புத் துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். அவற்றைவிடப் பெரிய உப்புத் துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால், தூரத்துப் பனைகளின் மேல் ஒரு வெண்திரை விழுகிறது. அந்த வெண்மை கலந்து, படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகிவிடும். படத்தில் கொன்ட்ராஸ்ட் இல்லை என்று நாம் சொல்வது இதைத்தான். லெவல்ஸ் பகுதியில் கரும்புள்ளியை, ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் தொடங்கும் இடம்வரை இழுத்துப் பாருங்கள். சச்சுரேஷனைத் தொடாமலே பச்சையும் நீலமும் எழுந்து வரும்.

◆ உப்பு வெள்ளை. கமராவுக்கு அது சாம்பல். கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணி அளவிடுகிறது. பாலாவிப் பக்கம் உப்பளங்களில் குவித்துவைத்த உப்புக் குன்றைத் தானியங்கி முறையில் எடுத்தால், அழுக்குச் சாம்பலாக வருவது அதனால்தான். எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டுவதே சிறந்த வழி. தவறவிட்டால் பிறகு கூட்டலாம். ஆனால் நிழல் பகுதிகளில் மணல்மணலாக இரைச்சல் புள்ளிகள் எழும்.

◆ மூட்டம் நீக்கும் டிஹேஸ் பொத்தான் உப்பளத்தில் ஏன் தடுமாறுகிறது? 2009 இல் கைமிங் ஹே, ஜியான் சன், சியாவோவு டாங் ஆகிய மூவரும் ஓர் எளிய உண்மையைக் கண்டு சொன்னார்கள். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானம் தவிர்ந்த சிறு பகுதிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்டால், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று ஏறத்தாழச் சுழியத்தில் இருக்கும் புள்ளிகள் அங்கே உண்டு. அது சுழியத்திலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அவ்வளவு மூட்டம் என்று கணக்கிடலாம். மூட்டம் நீக்கும் ஆராய்ச்சியில் பெரிய திருப்பம் அது. ஆனால் உப்புக் குவியலிலோ வெள்ளையடித்த தேவாலயச் சுவரிலோ மூன்று நிறங்களுமே உயரத்தில்தான் இருக்கும். கணக்கு அதையும் மூட்டம் என்று எண்ணிக் கறுக்க வைத்துவிடும். லைட்ரூம் மென்பொருளில் 2015 இல் இந்தப் பொத்தான் வந்தபின், கடலோரப் படங்களில் அழுக்கேறிய வெள்ளைகள் பெருகிவிட்டன. டிஹேஸைப் படம் முழுவதற்கும் போடாமல், தூரிகையால் தூரத்துக் கரைக்கு மட்டும் பூசுங்கள்.

◆ கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே திருத்தம் இருந்தது. அன்றைய ஒளிப்படப் பூச்சு நீல ஒளிக்கு மட்டும் மிக விரைவாக வினைபுரிந்தது. கடல் சரியாகப் பதிந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரான்சின் குஸ்தாவ் லெ க்ரே 1856, 57 காலத்தில் தம் கடற்காட்சிகள் சிலவற்றில் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு இன்னொன்று என இரண்டை எடுத்து, ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். இன்று கைப்பேசி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யும் எச்டிஆர் வேலைக்கு மூத்தவர் அவர்தான்.

◆ 256 எங்கே, 16,384 எங்கே! ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். கமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் 14 பிட் ரோ கோப்பில் 16,384. கற்பிட்டியில் சூரியன் மறையும் வானத்தைப் போன்ற மென்மையான நிறமாற்றத்தை ஜேபெக்கில் இழுத்துப் பிடித்தால், வானம் பட்டை பட்டையாக உடையும். கமராவில் ரோ வசதி இருந்தால், அந்தி வானத்துக்காகவாவது அதைப் போட்டுவையுங்கள். இன்று பல கைப்பேசிகளிலும் அந்த வசதி உண்டு. அதோடு ஒரு விதி: ஒருமுறை முழு வெள்ளையாக எரிந்துபோன வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அங்கே மீட்பதற்குத் தகவலே இல்லை. இருண்ட பகுதியில் ஓரளவாவது ஒளிந்திருக்கும். எனவே வானத்துக்கு அளவெடுத்து, முன்னே இருண்டு தெரியும் படகின் ஒளியைப் பிறகு தூக்குங்கள்.

◆ காலையில் களப்பு, மாலையில் கடல். கற்பிட்டிக் குடாநாட்டுக்குக் கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே இந்தியப் பெருங்கடல். ஒரே குறுகிய நிலத்தில் நின்று, நீரில் எழும் சூரியனையும் நீரில் விழும் சூரியனையும் எடுக்கலாம். இரண்டையும் கெடுப்பது கமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை: பொன்னிறத்தைக் குறை என்று எண்ணி, அதில் நீலத்தைக் கலந்து ‘சரி’செய்துவிடும். நண்பகல் வெயிலின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 5,500 கெல்வின். உதய, அஸ்தமன ஒளி அதில் பாதியளவுக்கும் இறங்கும். கெல்வின் எண் கூடக்கூட ஒளி நீலமாகும் என்பதால், பலரைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. மென்பொருளில் கெல்வின் எண்ணைக் கூட்டினால் படம் நீலமாகாமல் மஞ்சளாகும். ‘ஒளி இவ்வளவு நீலமாக இருந்தது’ என்று நாம் சொல்ல, மென்பொருள் அதை ஈடுகட்டுகிறது. அஸ்தமனப் படங்களுக்கு 5,500 இல் நிறுத்திவைத்தாலே பொன்னிறம் தங்கும்.

◆ பச்சைக்கு இரண்டு பங்கு. கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்புத்தான் இன்றும் பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது. அதில் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கண்டல் மரங்கள் துல்லியமாக வருவதற்கும், இழுத்துக் கூட்டிய நீல வானத்தில் இரைச்சல் புள்ளிகள் முந்தி எழுவதற்கும் இது ஒரு காரணம்.

◆ கரைவலை இழுப்பவரின் மேனி என்ன நிறம்? இந்தப் பத்தியில் நான் அதிகம் கவலைப்பட்டு எழுதும் பகுதி இது. உடப்பில் நண்பகல் வெயிலில் கரைவலை இழுக்கும் ஒருவரின் முதுகில், ஆழ்ந்த பழுப்பு முதல் வியர்வையில் தெறிக்கும் வெண்மைவரை எத்தனையோ படிகள் உண்டு. அந்தப் படிகளை ஒளிப்படத் தொழில் நெடுங்காலம் கண்டுகொள்ளவே இல்லை. கொடாக் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய ‘ஷேர்லி’ அட்டைகளில் வெள்ளைத்தோல் பெண்ணின் படமே நிறத்துக்கு அளவுகோலாக இருந்தது. பழுப்பு நிறத்தைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று மரத்தளபாட, சாக்லேட் விளம்பரக்காரர்கள் முறையிட்ட பிறகே அந்த நிறுவனம் அதில் அக்கறை காட்டியது. மனிதருக்காக நடக்காதது மேசைக்காக நடந்தது.

இலங்கையில் இதற்கு முற்றிலும் வேறான ஒரு முன்னோடி நமக்கு உண்டு. கொழும்பில் பிறந்த லயனல் வென்ட் (1900–1944) கரிய மேனிகளை இருட்டறையில் அச்சிட்ட விதம் இன்றும் பாடமாக இருக்கிறது. உடலின் நிழலை அவர் வெளுக்க வைக்கவில்லை. கருமைக்குள்ளேயே பல கருமைகளைப் பிரித்துக் காட்டினார். சொலரைசேஷன், பல நெகட்டிவ்களை இணைத்தல் என்று அன்றைய ‘எடிட்டிங்’ முறைகள் பலவற்றையும் கையாண்டவர் அவர்.

இன்று லைட்ரூமில் செம்மஞ்சள் நிறத்தின் ஒளிர்வைக் கூட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது. மனிதத் தோல் எந்த நிறமாக இருந்தாலும் பெரும்பாலும் அந்தச் செம்மஞ்சள் வட்டத்துக்குள்தான் விழும். கல்யாண அல்பங்களில் மணமகளை வெளுக்க வைப்பது அநேகமாக அந்தப் பொத்தான்தான். அதைத் தொடாதீர்கள். நிழல் பகுதியைச் சற்றே தூக்கி, கேர்வ்ஸில் நடுப்பகுதியை மட்டும் மெல்ல உயர்த்தினால் முகத்தின் விவரம் தெரியும். நிறம் அவருடையதாகவே இருக்கும். பொருத்திப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், சமூகவியலாளர் எலிஸ் மங்க் உருவாக்கி 2022 இல் கூகுள் வெளியிட்ட பத்துப் படி தோல்நிற அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது.

◆ வைப்ரன்ஸும் சச்சுரேஷனும் ஒன்றல்ல. சச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் கூட்டும். வைப்ரன்ஸ் மங்கியவற்றை அதிகமாகவும், ஏற்கெனவே செறிந்தவற்றைக் குறைவாகவும் கூட்டும்; தோல்நிறத்தில் அடக்கி வாசிக்கும். ஆள் இருக்கும் படத்துக்கு வைப்ரன்ஸ்.

◆ நெருப்பு ஏன் மஞ்சளாகிவிடுகிறது? உடப்பு திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பில் கண் பார்ப்பது செக்கச்சிவந்த தணல். படத்திலோ மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டு. சிவப்பு முதலில் தன் உச்சமான 255 ஐத் தொட்டு நின்றுவிடும். பச்சை அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். நீலமும் ஏறிவிட்டால் வெள்ளை. மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும்படி கமராவை வைத்து, சிவப்பு வலது சுவரில் மோதாதபடி எக்ஸ்போஷரைக் குறைத்து எடுங்கள். பக்தர்களின் முகங்களைப் பிறகு தூக்கலாம். தணலைத் தூக்க முடியாது.

◆ டொல்பினுக்கு மூன்று நிறம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்குக் கடல் அடங்கியிருக்கும் காலத்தில், கற்பிட்டிக்கு அப்பால் ஸ்பின்னர் டொல்பின்கள் பெருங்கூட்டமாக வரும். அவற்றின் முதுகு கருஞ்சாம்பல், விலா இளஞ்சாம்பல், வயிறு வெள்ளை. கொன்ட்ராஸ்டை ஒரேயடியாக ஏற்றினால் நடுவிலுள்ள இளஞ்சாம்பல் ஒன்று கறுப்போடு சேரும், அல்லது வெள்ளையோடு சேரும். டொல்பின் இருநிறப் பொம்மையாகிவிடும். ஆனால் முதுகுத் துடுப்பின் விளிம்பில் மட்டும் கொன்ட்ராஸ்ட் கூட்டுவது ஆராய்ச்சிக்கே உதவும். துடுப்பிலுள்ள வெட்டுகளையும் வடுக்களையும் வைத்துத்தான் ஒவ்வொரு டொல்பினையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். திமிங்கிலத்தின் வால் படங்களுக்கும் இதே முறை உண்டு. அப்படிப்பட்ட படத்தைக் கொடுக்கும்போது திருத்தாத மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

◆ நீருக்குள் சிவப்பு முதலில் சாகும். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும். சில மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மீன் பழுப்பாகவும், இன்னும் கீழே ஏறத்தாழக் கறுப்பாகவும் தெரியும். கற்பிட்டியின் ‘பார் றீஃப்’ முருகைக்கற் பாறைத்தொடரில் எடுக்கும் படங்கள் பச்சைநீலமாக வருவது இதனால்தான். சிவப்பைக் கூட்டி இதைச் சரிசெய்யலாம்; ஆனால் அருகிலுள்ள பாறைக்கும் தொலைவிலுள்ள பாறைக்கும் ஒரே அளவு போதாது. இடையிலுள்ள நீரின் தூரத்துக்கேற்பத் திருத்தம் மாற வேண்டும். தெர்யா அக்காய்னாக், தாலி திரைபிட்ஸ் இருவரும் 2019 இல் வெளியிட்ட ‘சீ-த்ரூ’ முறை இதைத்தான் கணக்கிட்டுச் செய்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 1992 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பாறைத்தொடர், 1998 இலும் 2016 இலும் கடல்நீர் சூடேறி வெளிறலுக்கு ஆளானது. வெளிறிய முருகைக்கல்லுக்குக் கணினியில் நிறம் ஏற்றினால் அது நலமாக இருப்பதாகத் தோன்றும். நலமாக இருப்பதை அளவுமீறி ஒளியேற்றினால் வெளிறியதாகத் தோன்றும். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வொச் திட்டம் 2002 முதல் தரும் நிற அட்டையைப் படத்தின் ஓரத்தில் வைத்து எடுப்பது இதற்கு நேர்மையான வழி. பிறகு எந்தத் திருத்தம் செய்தாலும் அட்டை உண்மையைச் சொல்லும்.

◆ சில வேலைகளைக் கணினி செய்யாது. நண்பகலில் களப்பு நீர் கண்ணைக் கூசவைக்கும். அந்தத் தெறிப்பை போலரைசிங் வடிகட்டி அகற்றும். நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது அதன் பலன் உச்சம். தெறிப்பு மூடிய இடத்தில் அடியிலிருந்த கடற்புல் பதிவாகவே இல்லை என்பதால், எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. கடலோரத்தில் வாழ்பவர் ஒரேயொரு வடிகட்டி வாங்குவதென்றால் இதை வாங்கட்டும்.

◆ பக்கத்து நிறத்தைக் குறைத்துப் பாருங்கள். பிரான்சின் கொபெலான் நெசவகத்தில் சாயத்துறைக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், 1839 இல் நூலாகவே எழுதிவைத்த உண்மை: ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதைப் பக்கத்து நிறம்தான் முடிவு செய்கிறது. மஞ்சள் பூசிய ஃபைபர் படகு எடுப்பாகத் தெரிய, மஞ்சளைக் கூட்டத் தேவையில்லை. மணலின் மஞ்சளைச் சற்றுக் குறையுங்கள், போதும்.

◆ புகையைக் கறுப்பாக்குவது ஒரு நொடி வேலை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011 இல் இயங்கத் தொடங்கியது. இன்று மூன்று அலகுகள் சேர்ந்து 900 மெகாவொற் கொள்ளளவு. அதன் புகைபோக்கியைப் படம் எடுத்து, கொன்ட்ராஸ்டும் டிஹேஸும் ஏற்றினால் மெல்லிய புகையும் கரும்புகையாகும். சுற்றாடல் முறைப்பாட்டுக்குச் சான்றாகப் படம் கொடுப்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஊரின் நியாயமான முறைப்பாட்டையும் ஒரு மிகைப்படுத்திய படம் பொய்யாக்கிவிடும். ரொய்ட்டர்ஸ் 2006 இல் லெபனான் போர்ப்படம் ஒன்றில் புகையை ஒட்டிப் பெருக்கிய ஒளிப்படக்காரரின் படங்கள் அத்தனையையும் விற்பனையிலிருந்து நீக்கியது. 2015 இல் அதே நிறுவனம், ரோ கோப்பிலிருந்து ஆக்கிய படங்களைத் தன் சுயாதீனப் படக்காரர்களிடம் வாங்குவதையே நிறுத்தியது. செய்திப் படத்தில் ஒளியைச் சமன்செய்யலாம். பொருளைச் சேர்ப்பதும் நீக்குவதும் கூடாது.

◆ கண்டல் காடு சிவப்பாகத் தெரியும் படம். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் 10 மீற்றர் துல்லியத்தில் எடுக்கும் படங்கள் எல்லோருக்கும் இலவசம். நலமான இலைகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவில் திருப்பி அனுப்பும். அதைச் சிவப்பாக மாற்றிக் காட்டும் அமைப்பில் களப்போரக் கண்டல்கள் பளிச்சென்று சிவந்தும், உப்புப் பாத்திகளும் இறால் பண்ணைகளும் தனித்துப் பிரிந்தும் தெரியும். மாணவர்களுக்கு நல்ல பாடம் இது: பொய்நிறம் என்று பெயர் பெற்ற படம் காட்டின் நலத்தைச் சரியாகச் சொல்கிறது.

◆ வெயிலில் நின்று திருத்தாதீர்கள். கடற்கரையில் கைப்பேசித் திரை மங்கலாகத் தெரிவதால் படத்தை அளவுமீறி வெளிச்சமாக்குவோம். இரவில் நீல ஒளி வடிகட்டியைப் போட்டபடி திருத்தினால் படம் நீலம் பாயும். வடிகட்டியை அணைத்துவிட்டு, வீட்டு நிழலில் இருந்து செய்யுங்கள்.

◆ காசு வேண்டாம். 1996 இல் வெளிவந்த கிம்ப், ரோ கோப்புகளுக்கு டார்க்டேபிள், ரோதெரப்பி ஆகிய மூன்றும் இலவச மென்பொருள்கள். கைப்பேசிக்கு ஸ்நாப்சீட். விரலால் தொட்ட இடத்தை மட்டும் திருத்தும் வசதி அதில் உண்டு; படகைத் தூக்கி வானத்தை விட்டுவைக்க அது போதும்.

◆ பெட்டியில் கிடக்கும் செம்மை படிந்த படங்கள். 1970, 80 களின் கலர் அச்சுப்படங்கள் பல இன்று சிவந்துபோயிருக்கின்றன. அவற்றிலுள்ள மூன்று சாயங்களில் சியான், இருட்டில் மூடிவைத்திருந்தாலும் பெரும்பாலும் மற்றவற்றை முந்தி மங்கிவிடும். லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றின் இரு முனைகளையும் ஹிஸ்டோகிராமின் ஓரங்களுக்கு இழுத்தால், சேலையின் நீலமும் முற்றத்து வேம்பின் பச்சையும் வியக்கத்தக்க அளவு திரும்பி வரும்.

இந்த மாவட்டத்தில் பழைய படங்களை மீட்பதற்குத் தனி மதிப்பு உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மிகப் பலர் வந்து தங்கியது புத்தளத்தில்தான். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த அவசரத்திலும் யாரோ மடியில் கட்டி எடுத்துவந்த படம் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அல்லது உடப்பிலோ கற்பிட்டியிலோ தாத்தா காலத்துக் கல்யாணப் படம் இருந்தால், இந்த வாரமே அதை வெளியே எடுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்து, முதல் கோப்பில் கைவைக்காமல் பத்திரப்படுத்துங்கள். நகலில் மட்டும் நிறத்தைத் திருத்துங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை, அவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.